கலீஃபாவின் இரண்டு காகிதங்கள்

அன்புள்ள சந்திரா,

உன் கடிதமும் கலைக்களஞ்சியக் கட்டுரையின் வரைவும் திங்கட்கிழமை வந்தன. வீட்டில் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல்.

இனி வரைவு. கிரேடி மெக்மர்ட்ரியைப் பற்றித் தமிழில் ஒருவன் எழுத உட்கார்ந்தான் என்பதே நல்ல செய்திதான். ஆனால் முதல் வரியிலேயே இரண்டு இடத்தில் பென்சிலை ஊன்ற வேண்டியதாகிவிட்டது. 'நாஸ்டிக் சங்கங்களை நிறுவிய அமெரிக்க மறைஞானி' என்று எழுதியிருக்கிறாய். 'நாஸ்டிக்' என்று போட்டால் பாதிப் பேர் அதை 'நாஸ்திகர்' என்றே படிப்பார்கள். பொருள் நேர் எதிராகிவிடும். கிரேக்கத்தில் 'க்னோசிஸ்' என்றால் ஞானம். நம்முடைய 'ஞானம்' வந்த அதே வேர்தான் அதற்கும். 'ஞானவாதம்' என்று போட்டுவிடு.

இரண்டாவது, 'நிறுவிய'. பாதி சரி, பாதி தப்பு. ஓ.டி.ஓ. எனப்படும் ஓர்டோ டெம்ப்ளி ஓரியன்டிஸ் அவர் பிறப்பதற்கு முன்பே ஜெர்மனியில் தொடங்கிய, படிப்படியாகத் தீட்சை கொடுக்கும் மறைஞானச் சங்கம். அதை அவர் நிறுவவில்லை. செத்துக் கிடந்ததை எழுப்பினார். எழுப்ப அவர் கையில் இருந்தது அருள்வாக்கோ தரிசனமோ இல்லை, இரண்டு காகிதம். உன் கட்டுரையில் அவர் கண்ட காட்சிகளுக்கு மூன்று பத்தி, அந்தக் காகிதங்களுக்கு அரை வரி. இந்தக் கணக்கை அப்படியே திருப்பிப் போட வேண்டும்.

வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாகவே வைத்துக்கொள். 1918 அக்டோபர் 18, ஓக்லஹோமாவில் பிக் கேபின் என்ற சிற்றூரில் பிறப்பு. பிறகு கலிஃபோர்னியா, பசடீனா ஜூனியர் காலேஜ், அறிவியல் புனைகதை ரசிகர் வட்டம். ராக்கெட் ஆய்வாளர் ஜாக் பார்சன்ஸ் அவரை ஹாலிவுட்டில் இருந்த சங்கக் கிளையான அகாபே லாட்ஜுக்கு அழைத்துப் போகிறார். 1941இல் தீட்சை, 1942இல் ராணுவம், ஆர்ட்னன்ஸ் (படைக்கலப் பிரிவு) அதிகாரி. போர் அவரை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது. 1943இல் லண்டன் ஜெர்மின் தெரு 93ஆம் எண்ணில் அப்போது சங்கத்தின் தலைவராக இருந்த ஆங்கிலேய மறைஞானி அலிஸ்டர் க்ரௌலியை நேரில் பார்க்கிறார். க்ரௌலி அவரை ஒன்பதாம் படிக்கு உயர்த்தி, 'ஹைமெனேயஸ் ஆல்ஃபா' என்று பெயர் வைக்கிறார். எழுத்துக்கு ஓர் எண் வைக்கும் கிரேக்கக் கணக்கில் கூட்டினால் அது 777 வரும். 1944 நவம்பரில் எழுதிய கடிதத்தில் தனக்குப் பின்னால் வரப்போகும் பொறுப்பைக் 'கிலாபத்' என்றே குறிக்கிறார். 'கலீஃபா' பட்டம் ஒட்டிக்கொண்டது அங்கிருந்துதான்.

இப்போது காகிதங்கள். முதலாவது 1946 மார்ச் 22 தேதியிட்டது. கலிஃபோர்னியாவில் சங்கத்தின் முழு வேலையையும் கேப்டன் மெக்மர்ட்ரி ஏற்றுச் சீர்திருத்தலாம், ஆனால் க்ரௌலிக்கு அடுத்த நிலையில் இருந்த கார்ல் கெர்மரின் ஒப்புதலுக்கு உட்பட்டு, அதுவும் அவசரநிலை வந்தால் மட்டும் என்கிறது. இரண்டாவது 1946 ஏப்ரல் 11. அமெரிக்கா முழுமைக்கும் அவர் க்ரௌலியின் நேரடிப் பிரதிநிதி, அவர் சொல் தன் சொல்லாகவே கொள்ளப்படும். இங்கேயும் கெர்மர் திருத்தலாம், ரத்தும் செய்யலாம். இரண்டிலும் ஒரே பூட்டு, பூட்டின் பெயர் கெர்மர். நீ 'வாரிசாக அறிவித்தார்' என்று எழுதியிருப்பது அதனால் நிற்காது. கெர்மர் இருக்கும்வரை அந்தக் காகிதங்களுக்கு உயிர் இல்லை.

க்ரௌலி 1947 டிசம்பர் 1 அன்று இறந்தார். தலைமை கெர்மரிடம் போனது. நாஜி வதைமுகாமைப் பார்த்துவிட்டு வந்த மனிதர், நாணயமானவர், க்ரௌலியின் நூல்களை அச்சேற்றுவதில் குறியாக இருந்தார். தீட்சை கொடுப்பதை மட்டும் கைவிட்டுவிட்டார். படிநிலைச் சங்கத்துக்கு இதைவிடப் பெரிய நோய் கிடையாது. மேல்படிக்காரர் கீழ்படிக்காரரை ஏற்றினால்தான் சங்கிலி நீளும். பதினைந்து வருஷம் யாரையும் ஏற்றாமல் விட்டால், இருக்கிற ஆட்கள் கிழவர்களாகி ஒவ்வொருவராகப் போய்ச் சேருவார்கள். 1962 அக்டோபர் 25 அன்று கெர்மர் இறந்தபோது, சட்டப்படி நிற்கும் வாரிசு நியமனம் எதுவும் இல்லை. சுவிட்சர்லாந்தில் மெட்ஸ்கர், இங்கிலாந்தில் கென்னத் கிராண்ட், பிரேசிலில் மார்செலோ மோட்டா என்று உரிமை கொண்டாட மூன்று பேர் இருந்தார்கள்.

மெக்மர்ட்ரி அப்போது வாஷிங்டன் டி.சி.யில் அரசாங்க வேலையில். செய்தியே தாமதமாகத்தான் எட்டியது. 1967இல் கெர்மரின் மனைவி சாஷா இருந்த வீட்டில் கொள்ளை போய், க்ரௌலியின் கையெழுத்துப் படிகள் பல காணாமல் போயின. பழைய லாட்ஜ் உறுப்பினர் ஃபிலிஸ் செக்லர் மூலம் இதை அறிந்து அவர் கலிஃபோர்னியாவுக்குத் திரும்புகிறார், 'அவசரநிலை' என்ற சொல்லை வெளியே எடுக்கிறார். பூட்டு இறந்துவிட்டது, கொள்ளையும் நடந்துவிட்டது. இதைவிட அவசரநிலை எது? பெர்க்லியில் அரசியல் கோட்பாடு படித்து முதுகலை வாங்கியவர், ஆட்சியுரிமை எங்கிருந்து வருகிறது என்பதைப் பாடமாகவே படித்தவர் என்பதை இந்த இடத்தில் ஒரு வரி சேர்த்தால் நன்றாக இருக்கும்.

அதன் பிறகு அவர் செய்தது அத்தனையும் குமாஸ்தா வேலை. மிஞ்சியிருந்த செக்லர், ஹெலன் பார்சன்ஸ் ஸ்மித் போன்ற பழைய உறுப்பினர்களைக் கூட்டினார். 1971 டிசம்பர் 28 அன்று கலிஃபோர்னியா மாநிலத்தில் சங்கமாகப் பதிவு. 1975இல் சாஷா இறந்தார். அடுத்த வருஷம் கலாவெராஸ் கவுண்டி நீதிமன்றம், அந்த வீட்டில் எஞ்சியிருந்த நூலகத்தைச் சங்கத்திடம் ஒப்படைத்தது. 1971இல் அந்தப் பதிவு நடந்திருக்காவிட்டால், ஒப்படைக்க நீதிபதிக்கு ஒரு ஆள் வேண்டாமா? 1977 அக்டோபர் 12 அன்று பெர்க்லியில் தெலேமா லாட்ஜ். 1979 மார்ச் 26 அன்று சங்கம் முறையான கார்ப்பரேஷன் ஆனது. தனிமனிதன் சாவான், கார்ப்பரேஷன் சாகாது. பெயரும் சொத்தும் அதன் பேரில் நிற்கும்.

மோட்டா வழக்கை நீ அடிக்குறிப்பில் தள்ளியிருக்கிறாய், மேலே கொண்டுவா. மோட்டாவின் ஆதாரம், கெர்மர் கடைசி நேரத்தில் தன்னைக் குறிப்பிட்டார் என்று சாஷா எழுதிய கடிதம். சாகும் தறுவாயில் சொன்னதாக இன்னொருவர் எழுதியது ஒரு பக்கம், க்ரௌலியே கையெழுத்திட்டுத் தேதி போட்ட காகிதம் மறுபக்கம். க்ரௌலி நூல்களின் பதிப்பாளர் மீது மோட்டா மெய்ன் மாநிலத்தில் தொடுத்த வழக்கு 1984இல் தோற்றது. அடுத்த வருஷம் சான் பிரான்சிஸ்கோ ஃபெடரல் நீதிமன்றம் மெக்மர்ட்ரி பக்கம் தீர்ப்பளித்தது. அதே 1985 ஜூலை 12இல் அவர் காலமானார். தன் வாரிசை மட்டும் அவர் பெயர் சொல்லி வைக்கவில்லை. ஒன்பதாம் படிக்காரர்கள் கூடி அந்த வருஷமே அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

'நிறுவினார்' பாதி சரி என்றேனே, அந்தப் பாதி 1979இல் அவர் தனி நிறுவனமாகப் பதிவு செய்த ஞானவாதத் திருச்சபை, எக்லேசியா க்னாஸ்டிகா கத்தோலிகா. சபையின் வேர் 1890இல் பாரிஸில் ஜூல் துவானெல் எழுப்பிய திருச்சபை வரை போகிறது. ஆனால் அமெரிக்காவில் சட்டப்படி தனிக் காலில் நிறுத்தியது மெக்மர்ட்ரிதான். தீட்சைச் சங்கம் கதவைச் சாத்திக்கொண்டு நடப்பது, திருச்சபையின் பூசையோ வெளியாரும் வந்து அமரக்கூடியது. அவருக்குப் பின் வந்தவர் இரண்டையும் மறுபடி ஒன்றாக்கினார்.

பூசைக்கூடத்தின் வரைபடம் போடப்போவதாக எழுதியிருக்கிறாய். ஓவியரிடம் அளவைச் சொல்லாவிட்டால் அவர் ஏதாவது ஒரு தேவாலயத்தை வரைந்து கொடுத்துவிடுவார். க்ரௌலி 1913இல் மாஸ்கோவில் எழுதிய சடங்கு இது. பொதுமக்கள் முன்னிலையில் முதலில் நடந்தது 1933 மார்ச் 19, ஹாலிவுட் வினோனா புலவார்டு 1746இல்.

பெரிய பீடம் 7 அடி நீளம், 3 அடி அகலம், 44 அங்குல உயரம், சிவப்புத் துணி. இருபுறமும் கறுப்பு வெள்ளைத் தூண்கள். கீழே கறுப்பு வெள்ளைச் சதுரங்களிட்ட மூன்று படி. கூடத்தின் நீளத்தைத் தீர்மானிப்பது பீடம் அல்ல, தூண்களுக்கு இடையிலான தூரம். அந்தத் தூரத்தை அடிப்பக்கமாக வைத்து ஒரு சமபக்க முக்கோணம் போட்டால், அதன் முனையில் சிறிய கறுப்புப் பீடம். அதை அடிப்பக்கத்தின் நடுவாக வைத்து அதே அளவில் இன்னொரு முக்கோணம், முனையில் நீர்த்தொட்டி. மூன்றாவதின் முனையில் நிமிர்த்தி வைத்த கல்லறைப் பெட்டி. 7 அடிப் பீடத்துக்குத் தூண்களை 8 அடி தள்ளி வைத்தால், ஒரு முக்கோணத்தின் உயரம் 6.9 அடி, மூன்றுக்கும் சேர்த்து ஏறக்குறைய 21. பீடத்தின் ஆழமும் பெட்டிக்குப் பின்னால் இடமும் சேர்த்தால் 26 அடிக் கூடம் வேண்டும். சாதாரண வீட்டில் இது கிடைக்காது, சுருக்குவார்கள். சுருக்கினால் பாதிக்கப்படுவது பூசாரிணியின் நடை. சிறிய பீடத்தையும் தொட்டியையும் சுற்றிப் பாம்புபோல் மூன்றரைச் சுற்று வளைந்து அவள் கல்லறைக்குப் போக வேண்டும். நடு இடைவெளி நாலடியானால் அங்கி எதிலாவது சிக்கும். மூன்றரைச் சுற்று என்றதும் உனக்குக் குண்டலினி ஞாபகம் வந்திருக்கும். தற்செயலாக இருக்காது என்பது என் கணிப்பு. க்ரௌலி 1901இல் கண்டியில் நண்பர் ஆலன் பென்னட்டுடன் தங்கி யோகம் பழகியவர். பென்னட்டுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் கொழும்பில் நம் பொன்னம்பலம் இராமநாதன்.

மெழுகுவத்திகளையும் எண்ணிப் போடச் சொல். மேலே பக்கத்துக்கு நாலு, அதன் கீழே பக்கத்துக்கு ஆறு, கடைசியாக இரண்டு பெரியவை, மொத்தம் 22. இவ்வளவும் ஒரு திரைக்குள். திரையைத் தள்ளித் தொங்கவிடாதவன் தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. கிழக்கு என்று குறிப்பில் இருப்பதை ஸ்காட்லாந்தில் க்ரௌலிக்கு இருந்த போல்ஸ்கின் வீட்டின் திசை என்றே விளக்கியிருக்கிறது. கலிஃபோர்னியாவிலிருந்து உலக உருண்டையில் நூல் பிடித்துப் பார், அது வடக்கும் கிழக்கும் கலந்த திசை. படத்தில் வெறுமனே 'கிழக்கு' என்று அம்புக்குறி போடாதே.

எண்ணெய்க்கு வருவோம். ஆப்ரமெலின் எண்ணெய் சங்கத்தில் அபிஷேகத்துக்கும், பூசை அப்பத்தின் மாவிலும் சேரும். நீ எழுதிய விகிதம் சரி, பொருள் தப்பு. ஆப்ரமெலின் என்ற பழைய மந்திர நூலை ஆங்கிலத்தில் தந்த மேதர்ஸின் மொழிபெயர்ப்பில் வெள்ளைப்போளம் 1 பங்கு, கருவாப்பட்டை 2, அரத்தை அரை, இவற்றின் மொத்த எடையில் பாதி ஒலிவ எண்ணெய். நாலால் பெருக்கு: 4, 8, 2, எண்ணெய் 7. க்ரௌலியின் குறிப்பிலும் இதே 8, 4, 2, 7தான். அப்படியானால் வித்தியாசம் எங்கே? மேதர்ஸ் சொல்வது காய்ந்த சரக்கு, க்ரௌலி போட்டது வடித்தெடுத்த வாசனை எண்ணெய். 21 பங்கில் 8 பங்கு சுத்தமான பட்டைத் தைலம் என்றால் ஏறக்குறைய 38 சதவீதம். நெற்றியில் வைத்தால் எரியும், தோல் சிவந்து கொப்பளிக்கவும் கூடும். எரிவதே ஆற்றலின் அடையாளம் என்று சிலர் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அது தோல் புண்ணாகத்தான் தெரிகிறது.

அரத்தையிலும் ஒரு கோளாறு. மேதர்ஸ் கையில் இருந்தது பிழை மலிந்த பிரெஞ்சுப் பிரதி. ஜெர்மன் மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது வசம்பு. நம் வீட்டு பைபிளை எடுத்து யாத்திராகமம் முப்பதாம் அதிகாரத்தைப் பார்: வெள்ளைப்போளம், கருவாப்பட்டை, வசம்பு, இலவங்கப்பட்டை, ஒலிவ எண்ணெய். ஆப்ரமெலின் அங்கிருந்து வந்ததுதான். ஆங்கிலத்தில் வாசிப்பவர்கள் அகராதி புரட்டிக் கண்டுபிடிப்பதைத் தமிழ் வாசகன் நாட்டு மருந்துக் கடைப் பெயரிலேயே பிடித்துவிடுவான். பெட்டிச் செய்தியாகவே போடு. அப்பத்தைப் பற்றி ஒரு வரி போதும்: மாவு, தேன், சிவப்பு ஒயினின் மண்டி, இரண்டு எண்ணெய்கள். குறிப்பில் இரத்தமும் உண்டு. நடைமுறையில் ஒரு அப்பத்தில் மட்டும் துளி விட்டு, அதைச் சாம்பலாக எரித்து, அந்தச் சாம்பலை மற்ற மாவில் சேர்க்கிறார்கள். தேன் கூடினால் அப்பம் தட்டில் பரவி அடி கரியும்.

அடுத்த வரைவைப் பக்க எண் போட்டு அனுப்பு. இந்த முறை ஏழாம் பக்கத்துக்குப் பிறகு ஒன்பது வந்தது.

அன்புடன்,
பாலு

பி.கு.: க்ரௌலியின் மூல எழுத்தைப் பிரசுரிக்க அனுமதி வேண்டுமா என்று கேட்டிருந்தாய். க்ரௌலி தன் பதிப்புரிமையைச் சங்கத்துக்கு எழுதிவைத்தார். ஆனால் 1935இல் அவர் திவாலானவர், உரிமை பிரிட்டிஷ் அரசின் ரிசீவர் கையில் கிடந்தது. சங்கம் அதைக் காசு கொடுத்து வாங்கியதே 1991இல்தான். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 வருஷம் என்பது கணக்கு, ஆகவே அவர் உயிரோடிருந்தபோது வெளியான பூசை விதிகளை 2008 முதல் தாராளமாக எடுத்தாளலாம். 1946 கடிதங்கள் அப்படியல்ல. இறந்தபின் வெளியானவற்றுக்கு வெளியான வருஷத்திலிருந்து 60 எண்ண வேண்டும். அவற்றை முழுதாகப் போடாமல் சாரம் மட்டும் கொடு.