வண்டி ஓடவே இல்லையே, சர்வீஸ் எதற்கு?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சர்வீஸ் நாள் வந்துவிட்டது என்று போன் செய்தால் எங்களுக்கு அடிக்கடி கிடைக்கும் பதில்: "வண்டியை எடுக்கவே இல்லையே, மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடலை. அப்புறம் பார்த்துக்கலாம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நிற்கிற வண்டிக்கும் வயசு ஏறும். சர்வீஸ் செய்தால் எங்களுக்கு வருமானம் என்பதால், வெறுமனே "வாங்க" என்று சொல்லாமல் காரணத்தையும் எழுதுகிறோம். படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

வண்டியோடு கொடுத்த கையேட்டை எடுத்துப் பாருங்கள். பல கார்களுக்கு "10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்தி வருகிறதோ அது" என்று போட்டிருக்கும். கிலோமீட்டர் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஓராண்டுதான் மறந்துபோகிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு கார் வந்தது. இரண்டு வருஷத்தில் ஓட்டம் நாலாயிரத்துச் சொச்சம். காலையில் மூன்று கிலோமீட்டர், மாலையில் மூன்று கிலோமீட்டர், அவ்வளவுதான். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தோம். உள்பக்கமெல்லாம் வெளிர் மஞ்சளாக, களிம்பு மாதிரி அப்பியிருந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரான கூலன்ட் ஆயிலில் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டதோ என்று முதலில் பயந்து கூலன்ட்டைப் பார்த்தோம், சொட்டுக்கூடக் குறையவில்லை. விஷயம் வேறு. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்கும். நீண்ட தூரம் ஓடினால் ஆயில் நன்றாகச் சூடாகி அந்த ஈரம் வெளியேறிவிடும். மூன்று கிலோமீட்டரில் ஆயில் சூடாவதற்குள் எஞ்சினை அணைத்துவிடுகிறோம். தண்ணீர் உள்ளேயே தங்கி ஆயிலோடு கலக்கிறது. எரியாத பெட்ரோலும் சேர்ந்து ஆயிலை நீர்க்கச் செய்கிறது. குறைந்த தூரம் ஓடும் வண்டிக்குச் சீக்கிரமே ஆயில் மாற்றச் சொல்லிப் பல கையேடுகளில் இருப்பதற்கு இதுதான் காரணம்.

இதைவிட எங்களைக் கவலைப்பட வைப்பது பிரேக் ஆயில். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வண்டி நின்றாலும் ஓடினாலும். டாட் 4 (DOT 4) என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி வரை தாங்கினாலே போதும் என்பதுதான் அதற்கான அளவுகோல். மலைப்பாதையில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் இந்தச் சூடு வந்துவிடும். கொதித்த ஆயிலில் குமிழி உண்டாகும். ஆயில் அமுங்காது, குமிழி அமுங்கும். மிதித்தால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. பார்வைக்கு ஆயில் தெளிவாகவே இருக்கலாம், அதை நம்பாதீர்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

எஞ்சினுக்குள் வால்வையும் பிஸ்டனையும் ஒன்றோடொன்று ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் உள்ள வண்டிகளுக்கும் வருஷக் கணக்கு உண்டு. அது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். உங்கள் வண்டியில் இருப்பது பெல்ட்டா, செயினா என்று கேளுங்கள், சொல்கிறோம்.

டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் பழைய ரப்பர் வெடிப்பு விடும்.

பேட்டரிக்காகத் தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதால் பயனில்லை. வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் வெளியே ஓட்டிவிட்டு வாருங்கள். ஆயிலுக்கும் அது நல்லது.

பிரேக் பேடுக்கு மட்டும் தேதி பார்க்க வேண்டாம். தடிமன் 3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்து, தேய்மானம் சீராக இருந்தால் தாராளமாக ஓட்டலாம். தேவையில்லாமல் மாற்றச் சொல்ல மாட்டோம்.

பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்பது நினைவில்லை என்றால் ஒரு போன் போடுங்கள். உங்கள் பழைய ஜாப் கார்டைப் பார்த்துத் தேதியைச் சொல்கிறோம்.

அன்புடன்,
உங்கள் ஒர்க்‌ஷாப்