எனக்குக் கார் விற்ற வேளச்சேரி ஐயாவுக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் வெள்ளை வேகன் ஆர் இப்போது மேடவாக்கத்தில், எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் நிற்கிறது. வாங்கி ஐந்து மாதங்கள் ஆகின்றன. பெயர் மாற்றம் முடியும்வரை உங்கள்மேல் எனக்கு இருந்த எரிச்சலை நீங்கள் கவனித்திருப்பீர்கள். கவனிக்காததுபோல் நடந்துகொண்டது உங்கள் பெருந்தன்மை. நேரில் சொல்லத் தயக்கமாக இருப்பதால் எழுதுகிறேன்.

முதல் முறையாகக் கார் வாங்குகிறவளுக்குப் புத்தி சொல்ல ஊரே இருக்கிறது. என் தம்பி சொன்னது ஒன்றுதான்: "வேளச்சேரி வண்டியா? தண்ணில நின்னிருக்கும், வேண்டாம்க்கா." 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் உங்கள் பகுதி பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் வேறெப்படிச் சொல்வார்கள்? வண்டி 2017 மாடல் என்பதால் முதல் வெள்ளம் கணக்கில் வராது, இரண்டாவதுதான் உறுத்தியது. அதனால்தான், நீங்கள் வரச்சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே மெக்கானிக்குடன் வந்து நின்றேன். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும், முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டால் அதன் திணறலும் புகையும் தெரியாமல் போய்விடும் என்பது அவர் கணக்கு. நீங்களோ கேட்டைத் திறந்ததும் சிரித்துக்கொண்டே, "பானட்டத் தொட்டுப் பாருங்கம்மா, நேத்து ராத்திரி நிறுத்தினது" என்றீர்கள். எங்கள் தந்திரம் வாசலிலேயே வெளிப்பட்டுவிட்டது.

அதன் பிறகு மெக்கானிக் செய்ததைப் பார்த்துத்தான் கார் வாங்குவது என்ன வேலை என்று எனக்குப் புரிந்தது. ஓட்டுநர் சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்து, எப்போதும் சுருளுக்குள்ளேயே கிடக்கும் கடைசி அரை அடியை விரலால் தடவினார். வெள்ளத்தில் நின்ற வண்டியை என்னதான் கழுவி வாசனை அடித்தாலும் அந்த இடத்தில் சேற்றுக்கோடு தங்கிவிடுமாம். அடுத்து சீட்டுகளுக்கு அடியிலுள்ள போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அதன் குழியில் மண் தேடினார். அந்த ஸ்டெப்னியின் பக்கவாட்டில் 1117 என்று நான்கு இலக்கங்கள் இருந்தன. 2017-ஆம் ஆண்டின் பதினோராவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். ஓடும் டயர்கள் நான்கும் 2022-ஆம் ஆண்டுத் தயாரிப்பு. 46,000 கிலோமீட்டர் என்று காட்டிய மீட்டரை அவர் நம்பவில்லை; உங்கள் மஞ்சள் ஃபைலில் வருடவாரியாக இருந்த சர்வீஸ் ரசீதுகளில் குறித்திருந்த கிலோமீட்டரைத்தான் நம்பினார். மீட்டரைத் திருப்பிவிடலாம், எட்டு வருட ரசீதுகளை யார் திருப்புவது?

பின்கதவில் பட்டி போட்டுப் பெயின்ட் அடித்திருந்ததை அவர் தட்டிக் கண்டுபிடிப்பதற்குள் நீங்களே சொல்லிவிட்டீர்கள். மிக்ஜாமின்போது வண்டி செங்கல்பட்டில் உங்கள் மகள் வீட்டில் நின்றது என்பதையும், 2024 அக்டோபர் மழை எச்சரிக்கையின்போது வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தின்மேல் நிறுத்தி, ஊரே பார்த்த அந்தக் கார் வரிசையில் உங்களுடையதும் ஒன்று என்பதையும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னீர்கள்.

3,40,000 என்று சொன்னீர்கள், 3,25,000-க்கு முடிந்தது. தகராறு அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றிதழில் வங்கியின் பெயர் இன்னும் இருந்தது. கடனை 2022-லேயே அடைத்துவிட்டிருந்தாலும், வங்கி கொடுத்த தடையில்லாச் சான்றிதழை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து அடமானப் பதிவை நீக்கத் தவறியிருந்தீர்கள். அதற்குள் அந்தச் சான்றிதழின் காலக்கெடுவும் முடிந்துவிட்டது. புதிதாக வாங்கி, 35-ஆம் படிவத்துடன் கொடுத்து, பதிவு நீங்கும்வரை 23 நாட்கள். "பேர் மாத்தற 29, 30-ஆம் படிவத்துல கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துடுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்" என்று நான் இரண்டு முறை கேட்டேன். மறுத்துவிட்டீர்கள். பத்தாயிரத்துக்கு மேல் முன்பணம் வாங்கவும் மறுத்து, அதற்கும் ரசீது எழுதிக் கொடுத்தீர்கள். வேறு யாரோ கூடுதல் விலைக்குக் கேட்கிறார்கள், அதற்காகத்தான் இழுத்தடிக்கிறீர்கள் என்று வீட்டில் அனைவரிடமும் சொன்னேன். அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன்.

நீங்கள் எனக்குச் சட்டம் படிப்பிக்கவில்லை. பின்னர் நானே படித்தேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவுப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கைக்குக் கை மாறிக்கொண்டே போன ஒரு காரின் விபத்து வழக்கில், வண்டி இப்போது யாரிடம் இருந்தாலும் பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நீங்கள் நிம்மதியாகத் தூங்கியிருக்க முடியாது. அடமானம் நீங்காத வண்டிக்கு முழுப்பணமும் கொடுத்துவிட்டு நானும் தூங்கியிருக்கக் கூடாதுதான்.

தொகை முழுவதையும் வங்கி வழியாகத்தான் வாங்குவேன் என்றதிலும் நான் முகம் சுளித்தேன். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால் வருமான வரிச் சட்டத்தில் அபராதம் பணத்தைப் பெறுகிறவருக்குத்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. காப்பீட்டில் உங்களுக்கு இருந்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸை, அதாவது இழப்பீடு கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியை, எனக்கு விட்டுத்தராததைக் கஞ்சத்தனம் என்றே நினைத்தேன். அது வண்டியோடு போவதில்லை, ஆளோடு போவது. அதை இழக்கக் கூடாதென்றே பின்கதவு வேலையை நீங்கள் கைக்காசில் செய்திருக்கிறீர்கள். பாலிசியை என் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்கச் சொல்லி நீங்கள் இரண்டு முறை தொலைபேசியில் நினைவூட்டாவிட்டால், நான் அதையும் மறந்திருப்பேன்.

நாம் இருவருமே மறந்தது ஒன்று உண்டு: கண்ணாடியில் ஒட்டியிருந்த உங்கள் ஃபாஸ்டேக். முதல் வாரம் நான் பரனூர் சுங்கச்சாவடியைக் கடந்து போய்வந்த கட்டணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போயிருக்கும். எவ்வளவு என்று சொன்னால் அனுப்பிவிடுகிறேன். இப்போது என் பெயரில் புதியது ஒட்டியாயிற்று.

சென்ற வாரம் கிண்டி சிக்னலில் நிறுத்தக் கோட்டைத் தாண்டி நின்றதற்காக அபராதக் குறுஞ்செய்தி வந்தது. ஐயா, அது என் கைப்பேசிக்கு வந்தது, உங்களுடையதற்கு அல்ல.

இரண்டாவது சாவி பீரோவில் எங்கோ இருப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். கிடைத்ததும் தெரிவித்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியிலேயே வந்து வாங்கிக்கொள்கிறேன். இந்த முறை சொன்ன நேரத்துக்கு வருவேன்.

இப்படிக்கு,
மேடவாக்கத்திலிருந்து, உங்கள் வேகன் ஆரின் இரண்டாவது ஓனர்