சிறிய பாடகர் குழுவுக்கு ஏற்ற பாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தன்னார்வலர்கள் 10 பேர் மட்டுமே பாடும் ஆலயப் பாடகர் குழுவிலும், பண்டிகை நெருங்கினால் நான்கு குரல் இசையமைப்பையே எடுக்கிறார்கள். டெனருக்கு, அதாவது ஆண்களின் மேல்குரலுக்கு, ஒரே ஒருவர். அவருக்குச் சளி பிடித்தால் பாட்டே சரிந்துவிடுகிறது. ஆண்கள் இரண்டு மூன்று பேர்தான் என்றால் சோப்ரானோ (பெண்களின் மேல்குரல்), ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்), ஆண்குரல் என மூன்றே போதும். எல்லாரும் ஒரே குரலில் பாடி, கடைசிச் சரணத்தில் மட்டும் இரண்டாம் குரல் சேர்ப்பதும் அழகே. அதில் குறைவொன்றும் இல்லை.

பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது உச்ச சுரத்தை மட்டும் பார்க்காதீர்கள். சோப்ரானோ மேல் 'ஈ' சுரத்தைத் தொட்டு இறங்குவது எளிது. அதற்குக் கீழுள்ள 'டி'யிலேயே 4 பார் (தாளப் பகுதி) நிற்பதுதான் தொண்டையை இறுக்கிச் சுருதியைக் கீழே இழுக்கும். ஒரு முழுச் சுரம் இறக்கிப் பாடலாம், ஆனால் ஆல்டோ நடு 'சி'க்குக் கீழுள்ள 'ஏ'யையும் தாண்டி இறங்கக் கூடாது. குரலுக்கு இருவரே இருந்தால், ஒலி அறுபடாமல் மாறி மாறி மூச்செடுப்பது கடினம். நீண்ட வரிகள் வேண்டாம். ஆர்கன் குரல்களோடு சேர்ந்து வாசிக்கும் அமைப்பே தொடக்கத்துக்குப் பாதுகாப்பு.

வாரம் ஒரு மணி நேரப் பயிற்சி என்றால் புதுப் பாட்டுக்கு 5, 6 வாரமாவது வேண்டும். பண்டிகைக்கு முந்தின ஞாயிறு வரை பாட்டைத் தேடும் வழக்கத்தைக் குழுத் தலைவர்கள் தயவுசெய்து கைவிட வேண்டும்.

– ஒரு வாசகர்