தடைக்காலத்தில் முகாம் போடுங்கள்: கன்னியாகுமரி மாவட்ட வங்கிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட ஆட்சியருக்கும், முன்னோடி வங்கி மேலாளருக்கும், மாவட்ட ஆலோசனைக் குழுவில் அமரும் வங்கிப் பிரதிநிதிகளுக்கும் வணக்கம்.

வங்கிகள் ஊர்களில் முகாம் போடும் நிதி எழுத்தறிவு வாரம் சில ஆண்டுகளாகப் பிப்ரவரியில்தான் வருகிறது. அந்த மாதம் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆட்கள் ஆழ்கடலில் இருப்பார்கள். ஒருதடவை படகு கிளம்பினால் கரை திரும்ப ஒரு மாதம் ஆகும், சிலசமயம் அதற்கும் மேல். முகாமுக்கு வீட்டுப் பெண்கள் வருகிறார்கள். வங்கியில் பதிந்த செல்போன் எண்ணோ கணவரோடு கடலில் கிடக்கிறது. மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. சின்னமுட்டம் விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஆள் கரையில் இருக்கும் காலம் இதுதான். மழையில் குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால்வெட்டும் அப்போது மந்தம்தான். முகாமை அந்த மாதங்களுக்கு மாற்றுங்கள் என்பதே எங்கள் முதல் வேண்டுகோள்.

அடுத்தது, முகாமில் என்ன சொல்கிறோம் என்பது. "ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்பதைக் கேட்டுக் கேட்டு மக்களுக்குக் காது புளித்துவிட்டது. பணம் போன பிறகு என்ன செய்வது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை அதைத் தெளிவாக வகுத்திருக்கிறது. தவறு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாயும் நட்டமில்லை. வங்கியும் வாடிக்கையாளரும் தவறு செய்யாமல் நடுவில் எங்கோ ஓட்டை என்றால், பணம் போனதாக வங்கியின் செய்தி கிடைத்து 3 வேலைநாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்தவருக்கும் முழுத் தொகை திரும்ப வேண்டும். 4 முதல் 7 வேலைநாளுக்குள் என்றால், சாதாரண சேமிப்புக் கணக்குக்காரர் தாங்க வேண்டிய நட்டம் அதிகபட்சம் 10,000 ரூபாய். ஜன்தன் போன்ற அடிப்படைக் கணக்குக்கு 5,000. ஏழும் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி.

நாள் எண்ணுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். செய்தி வந்த நாள் கணக்கில் சேராது. கணக்குள்ள கிளை இயங்கும் நாள்கள் மட்டுமே சேரும். வியாழக்கிழமை குறுஞ்செய்தி வந்தால் வெள்ளி 1. மறுநாள் இரண்டாம் சனி என்றால் அதுவும் ஞாயிறும் விடுப்பு. திங்கள் 2, செவ்வாய் 3. செவ்வாய் மாலைக்குள் புகார் பதிவாகிவிட வேண்டும்.

கடலில் இருப்பவர் கதை என்ன? சுற்றறிக்கையில் உள்ள சொல், செய்தி "கிடைத்த" நாள். சிக்னல் இல்லாத இடத்தில் 25 நாள் கிடந்த போனுக்குச் செய்தி கிடைத்தது, கரை நெருங்கியபோதுதான். அனுப்பிய தேதியை வைத்து "காலம் கடந்துவிட்டது" என்று மனுவைத் திருப்பி அனுப்பக் கூடாது. படகு கரை வந்த நாளுக்கான சான்றை ஏற்க வேண்டும். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமை வங்கியுடையது என்பதும் அதே சுற்றறிக்கையில் உள்ளது. ஆலோசனைக் குழு இதை ஒரு தீர்மானமாகவே எடுத்து எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பலாம்.

ஏமாந்து ஓடிபியைச் சொல்லிவிட்டவர் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வது எங்கும் நடக்கிறது. புகார் கொடுக்கும்வரை போன பணம்தான் அவர் தலையில் விழும். புகார் கொடுத்தபின் போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. இந்த ஒரு வரியைக் கிளைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.

முகாமில் வந்தவர்களை உட்கார வைத்து, ஒரு புகாரை எழுதிப் பழக்குங்கள். முதலில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்து ஒப்புகை எண் வாங்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் நிறுத்த இதுவே வழி. ஆனால் 1930க்குச் சொன்னால் வங்கிக்குச் சொன்னதாகாது. வங்கிக்குத் தனியாகத் தெரிவித்து, புகார் எண் வாங்க வேண்டும். கிளையில் தரும் மனுவில் கணக்கு எண், போன தொகை, தேதி, நேரம், யுபிஐ என்றால் 12 இலக்கக் குறிப்பு எண், இவ்வளவும் வேண்டும். நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் படியிறங்கக் கூடாது. தெரிவித்த 10 வேலைநாளுக்குள் வங்கி அந்தத் தொகையைக் கணக்கில் வரவு வைத்து, 90 நாளுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். 30 நாளில் பதிலே இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது; விவரம் கேட்க 14448.

கைரேகை வைத்துப் பணம் எடுப்பதில் இன்னொரு சங்கதி. வேறு யாரும் பயன்படுத்த முடியாதபடி ஆதார் கைரேகையைப் பூட்டி வைக்க எம்ஆதார் செயலியில் வசதி உண்டு. பூட்டச் சொல்லிக் கொடுப்பவர்கள், திறக்கவும் சொல்லிக் கொடுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் ரேஷன் கடையில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, மிஷின் பழுது என்று திரும்பி வருவார்கள்.

கடலுக்குப் போகுமுன் செய்ய வேண்டியவை சிறியவை. ஏடிஎம் கார்டில் ஆன்லைன், வெளிநாட்டுப் பயன்பாடுகளை அணைத்து வைப்பது. வீட்டுச் செலவுக் கணக்கை மனைவியோடு கூட்டுக் கணக்காக்கி, கரையில் இருக்கும் எண்ணையே பதிந்து வைப்பது. நாமினி பெயர் பாஸ்புக்கில் இருக்கிறதா என்று பார்ப்பது. ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் தரும் விபத்துக் காப்பீட்டுக்கு மே கடைசி வாரத்தில் கணக்கில் பணம் பிடிப்பார்கள். அன்று இருப்பு இல்லையென்றால் ஜூன் 1 முதல் காப்பீடு இல்லை. ஒக்கிப் புயலைப் பார்த்த ஊர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. எந்த வங்கிக் கணக்கில் பிடிக்கிறார்கள் என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தடைக்காலத்தில் நகை அடகுக்குப் போகும். மதிப்பீட்டைக் கடன் வாங்குபவர் கண்முன்னே செய்து, மொத்த எடை, கல்லுக்குக் கழித்தது, நிகர எடை, தரம் எழுதிய சான்று தர வேண்டும் என்று 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி நெறிமுறை வெளியிட்டது. கடன் அடைந்தபின் நகையைத் தர 7 வேலைநாளுக்குமேல் இழுத்தடித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு. இதையும் அந்த முகாமிலேயே சொல்லிவிடலாம்.

இடம்: தேங்காய்ப்பட்டணம், குளச்சல், சின்னமுட்டம் துறைமுகங்கள், வலை பின்னும் கூடத்திலேயே போதும். நேரம்: காலைத் திருப்பலி முடிந்தபின். பேனர் வேண்டாம், நூறு புகார்ப் படிவமும் பத்துப் பேனாவும் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள் சிலர்,
நாகர்கோவில்