நடுங்கிச் சாகும் பன்றிக்குட்டிகள்: மாதிரி எடுத்துப் பரிசோதிக்கக் கோரி மீண்டும் ஒரு மனு

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், தருமபுரி.

வணக்கம். பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளி போகும் ரோட்டை ஒட்டி வெண்பன்றி வளர்ப்பவர்கள் நாங்கள். இந்தப் பக்கம் தாங்கள் அறிந்ததுதான், விளக்கத் தேவையில்லை. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் இதே விஷயமாக ஏற்கெனவே மனு கொடுத்தோம். ரசீது இருக்கிறது, பதில்தான் இல்லை.

1. குட்டிகள் பிறக்கும்போதே உடம்பெல்லாம் நடுங்குகின்றன. தூங்கினால் நடுக்கம் நிற்கும், விழித்தால் மறுபடி ஆரம்பம். பின்னங்கால்கள் விரிந்துபோய் நிற்க முடியாது. தலை ஆடுவதால் காம்பைக் கவ்வ வராது, கவ்வினாலும் நழுவிவிடும். மடியில் பால் இருக்க, குட்டி பட்டினியில் சாகிறது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தலையைப் பிடித்துக் காம்பில் வைக்கிறோம், சீம்பாலைக் கறந்து சிரிஞ்சில் விடுகிறோம், அப்படிக் காப்பாற்றியதில் சில குட்டிகள் சில வாரத்தில் நடுக்கம் குறைந்து தேறியிருக்கின்றன, ஆனால் கொஞ்சம் கண்ணயர்ந்தால் தாய் புரண்டு படுக்கும்போது விலகத் தெரியாமல் நசுங்கிவிடுகின்றன.

2. தாய்ப்பன்றிக்கு ஒன்றுமில்லை. நன்றாகத்தான் தின்கிறது.

3. கால்நடைத் துறையிலிருந்து பார்க்க வந்தவர் வாசலிலேயே நின்று, சத்துக்குறைவு, டானிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். டானிக்கில் வைரஸ் போகுமா? சினையாக இருக்கும்போது தாயைக் கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர் (பன்றிகளுக்கு வரும் தொற்றுக் காய்ச்சல்) வைரஸ் தாக்கினால் குட்டிகள் இப்படி நடுங்கிப் பிறக்கும், அதற்குத் தடுப்பூசி உண்டு. அந்த வைரஸ் சேர்ந்த பெஸ்டி வைரஸ் என்ற இனத்திலேயே அமெரிக்காவில் 2015இல் கண்டறிந்த இன்னொன்றாலும் இதே நடுக்கம் வரும், அதற்கு ஊசி கிடையாது. ரத்தமும் செத்த குட்டியின் மூளையும் லேபுக்குப் போனால்தான் எது என்று தெரியும். ஸ்வைன் ஃபீவராக இருந்தால், பார்க்க நன்றாக இருக்கும் குட்டிகூட வைரஸைச் சுமந்து பரப்பும். அப்படியானால் தேறிய குட்டியை நாங்கள் விற்கலாமா, கூடாதா? இதைச் சொல்லக்கூட ஆள் இல்லையா?

4. கோமாரி ஊசி போட மாட்டுக்கு வீடு வீடாக வருகிறார்கள், சந்தோஷம். நாங்கள் கேட்டால் மட்டும் "பன்றிதானே". வட்டிக்குக் கொடுத்தவன் பன்றிதானே என்று விட்டுவிடுவானா?

தயவுசெய்து மாதிரி எடுக்க ஆள் அனுப்புங்கள். முடிவை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். ஸ்வைன் ஃபீவர் என்றால் சுற்றுவட்டாரப் பன்றிகளுக்கும் ஊசி போட ஏற்பாடு செய்யுங்கள். மறுபடியும் கேட்கிறோம், மாதிரி எடுங்கள். அடுத்த வாரம் இன்னும் சில தாய்கள் ஈனப்போகின்றன, அதற்குள் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வெண்பன்றி வளர்ப்போர், பாலக்கோடு வட்டம்.