வாசல் மேஜையில் கிடக்கும் உறைகள்: நம் குடியிருப்புச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய செயலாளர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். இரண்டு மாதங்களுக்கு முன் எனக்கு வந்த செக் புக் நம் வாசல் மேஜையிலிருந்து காணாமல் போனது. ஸ்பீட் போஸ்ட் எண்ணைப் போட்டுப் பார்த்தால் ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்று வந்தது. வாங்கிக் கையெழுத்துப் போட்டவர் நம் செக்யூரிட்டி அண்ணன்.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கேட்டைத் திறப்பது, மோட்டார் போடுவது, தண்ணீர் லாரிக்கு வழிவிடுவது, இதற்கு நடுவே அத்தனை வீட்டுத் தபாலையும் அவர் தலையில் கட்டியது நாம்தான். தபால்காரருக்கும் மாடி ஏறும் வேலை மிச்சம்.

அன்றைக்கே வங்கிக்குப் போன் செய்து அந்த செக் எண்களுக்குப் பணம் தர வேண்டாம் என்று நிறுத்தச் சொன்னேன். காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்கினேன். சரி, முடிந்தது என்று இருந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து, என் பெயரில் உள்ள கடன்களும் கடன் விண்ணப்பங்களும் பதிவாகும் கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்தால், நான் கேட்காத தனிநபர் கடனுக்கு யாரோ என் பெயரில் விண்ணப்பித்திருக்கிறார்கள். நல்லவேளையாகக் கடன் கிடைக்கவில்லை.

செக் புக்கில் என் பெயரும் கணக்கு எண்ணும் இருக்கும். பான் எண் இருக்காது, பிறந்த தேதியும் இருக்காது. அவை எங்கே கிடைத்திருக்கும் என்று யோசித்தபோதுதான் சங்க அலுவலகத்தின் திறந்த அலமாரி நினைவுக்கு வந்தது. என்னைப் போல வாடகைக்கு வருபவர்களிடம் ஆதார், பான், ஒப்பந்தம் என்று எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் வாங்கி அங்கேதான் அடுக்கி வைக்கிறோம். (சொந்த வீட்டுக்காரர்களிடம் கேட்பதில்லை. அது வேறு சண்டை.) அங்கிருந்துதான் போனது என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் மேஜையில் கிடக்கும் உறையையும் அலமாரியில் இருக்கும் கோப்பையும் சேர்த்து வைத்தால் ஒரு முழு மனிதன் கிடைத்துவிடுகிறான்.

எல்லோரும் கார்டு திருடு போவதற்குத்தான் பயப்படுகிறார்கள். புது கார்டில் ஆன்லைன் வசதி நாமாகத் திறக்கும்வரை மூடியே இருக்கும், கடையிலும் ஏ.டி.எம்.மிலும் பின் எண் கேட்கும். யாரும் மதிக்காத காப்பீட்டு நோட்டீசும் வங்கிக் கடிதமும்தான் எனக்கு இப்போது பயம் தருகின்றன. முகவரி, கணக்கு எண், பாலிசி எண் எல்லாம் அதில் இருக்கின்றன. நாம் அதைக் கிழிக்காமலே பழைய பேப்பர்காரரிடம் போடுகிறோம்.

சங்கம் செய்ய வேண்டியது பெரிய வேலையில்லை. வீட்டுக்கு ஒரு பூட்டுப் பெட்டி வைக்கலாம், என் பங்குப் பணத்தை இன்றே தருகிறேன். ஸ்பீட் போஸ்ட் வந்தால் செக்யூரிட்டி கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு இன்டர்காமில் சொன்னால் போதும். பெயருக்குரியவரிடம் கொடுப்பதற்கென்று இருந்த பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. இப்போது பெயருக்குரியவரிடமோ அவர் அனுமதித்தவரிடமோ மட்டுமே கொடுக்க வேண்டுமானால் அனுப்புபவர் அதற்கெனத் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். அதனால் வாசலில் நாம்தான் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. ஆதார் நகல் அவசியம் என்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை வாங்குங்கள். அரசுத் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

அண்டை வீட்டாருக்கு ஒரு வார்த்தை. சிபில் உட்பட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கிப் பாருங்கள். ஆதார் கைரேகையைப் பூட்டி வையுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்கள். எனக்கு ஒன்று அதிகமாக இருந்தது, அது என் அப்பாவுடையது என்று அப்புறம்தான் ஞாபகம் வந்தது. மோசடியில் பணமே போய்விட்டால் முதலில் சைபர் மோசடி உதவி எண் 1930, பிறகு வங்கி.

என் கோப்பில் உள்ள ஜெராக்ஸ்களை எடுத்து வையுங்கள். ஞாயிறு கூட்டத்தன்று நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி வாடகைக்காரன்