நீ சொன்னதுதான்டா சரி

டேய் செல்வம்,

எப்படிடா இருக்க, முட்டி வலி கொறஞ்சுதா? ரங்கூன்ல நாங்க நல்லாத்தான் இருக்கோம், கரண்ட் மட்டும் வர்றதும் போறதுமா, வர்ற நேரம் பாத்து மோட்டார் போட்டு டிரம்முல தண்ணி ரொப்புறதே பெரிய வேலையா போச்சு. பெரியவளுக்கு மாப்பிள்ளை பாக்குறோம், அது தனிக்கதை. இப்ப எழுதறது ஒங்கிட்ட மன்னிப்பு கேக்க.

ஒம்பதாங்கிளாஸ் ஞாபகம் இருக்கா, பாட்டில்ல மேல, நடுல, அடியிலன்னு மூணு ஓட்டை, அடித் தண்ணிதான் ரொம்ப தூரம் போகும்னு புக்குல படம், நீ எந்திரிச்சு "எங்க வீட்டு துருப்பிடிச்ச டிரம்முல நடு ஓட்டைத் தண்ணிதான் சார் தூரமா விழுது"ன்ன, சார் காதைத் திருகினாரு, நான் முன் பெஞ்சுல உக்காந்து சிரிச்சேன். அதே படத்தத்தான் இருபது வருஷமா நானும் டியூஷன்ல போட்டுக்கிட்டு இருக்கேன்டா.

போன ஞாயிறு கோயில் தமிழ் கிளாஸ் முடிஞ்சதும் பசங்களுக்கு நேர்லயே காட்டுவோம்னு ஆணிய மெழுகுவத்தியில காய்ச்சி பாட்டில்ல 5, 10, 15 சென்டிமீட்டர்ல ஓட்டை போட்டேன், தண்ணி 20ல நிக்கணும்னு ஒருத்தன் மக்குல ஊத்திக்கிட்டே இருந்தான். ஸ்டூல் ஓரத்துல வெச்சதும் அடித் தண்ணிதான் ஜெயிச்சுது, நானும் பெருமையா நின்னேன். கன்னத்துல தனக்கா, அதான் இங்க பூசுற மரப்பட்டை சாந்து, பூசின ஒரு வாண்டு "ஸ்டூல் ஆடுது சார்"ன்னு பாட்டில தூக்கி சிமெண்டுத் தரையில வெச்சா பாரு, நடு ஓட்டைத் தண்ணி 18 சென்டிமீட்டர் தூரத்துல விழுது, மேல உள்ளதும் அடியில உள்ளதும் 15க்கு பக்கத்துல ஒரே எடத்துல விழுது! சாக்பீஸ்ல மூணு தடவ கோடு போட்டுப் பாத்தோம், அதேதான்.

ராத்திரி ஒக்காந்து கணக்கு போட்டேன். அடித் தண்ணி வினாடிக்கு 1.7 மீட்டர் வேகத்துல பாயுது, ஆனா தரை அஞ்சு சென்டிமீட்டர்லயே இருக்கு, 0.1 வினாடியில கத முடிஞ்சுது. மேல் ஓட்டைக்கு விழ நேரம் இருக்கு, வேகம் இல்ல. நடுவுல உள்ளதுக்கு ரெண்டும் அளவா இருக்கு, அது கணக்குப்படி 20, மத்த ரெண்டும் 17.3. ஓட்டை ஓரத்துல உருகுன பிளாஸ்டிக் பிசிறு தடுத்ததுல எங்களுக்கு கொஞ்சம் கொறஞ்சிருக்கும். ஒசரத்துல வெச்சா அடிக்கும் விழ நேரம் கிடைக்குது, அதான் ஸ்டூல்ல அது முந்திடுச்சு. இத்தாலி விஞ்ஞானி டோரிசெல்லி 1644லயே இந்த வேகத்த கணக்குப் போட வழி சொல்லிட்டாரு, நாமதான் படத்த பாத்து மயங்கிட்டோம்.

இன்னொரு கூத்து, பாட்டில் மூடிய இறுக்கி மூடினா தண்ணி நின்னுடும்னு பந்தாவா சொன்னேன், அது நிக்கல, மேல் ஓட்டை வழியா குமிழ் குமிழா காத்த உள்ள இழுத்துக்கிட்டு அடியில ஜோரா கொட்டுது, என் லோஞ்சி, அதான் பர்மா கைலி, முழுக்க நனைஞ்சு போச்சு, பசங்களுக்கு திஞ்ஜான், அதான் இங்க தண்ணி ஊத்தி விளையாடுற புத்தாண்டு, வந்த மாதிரி கும்மாளம்.

வர்ற ஞாயிறு செங்கல் ஒண்ணொண்ணா அடுக்கி எத்தன செங்கல்ல அடி ஓட்டை முந்துதுன்னு பாக்கப்போறோம், ஒண்ணுலயே முந்திடும்னு நான் சொல்றேன், நீயும் போட்டுப் பாத்து எழுது. பந்தயம், அங்க பர்மா பஜார்ல ஒரு பிளேட் அத்தோ நூடுல்ஸ்.

ஒன்
ராஜு